பிரேக்கில் காற்று நீக்கு படலம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை மனித குலம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. இது பெரிய அநியாயம். உருட்டிவிடுவது ஒரு வேலையா? சரிவான இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் பூசணிக்காய்கூட உருளும். உருள்வதை நிறுத்துவதுதான் நாகரிகம். நிறுத்தத் தெரிந்தவனே தலைவன். அப்படிப்பட்ட தலைவர் ஒருவர் என் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு, எனக்கு அடுத்த அறையிலேயே குறட்டை விடுகிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கிறது. வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வீட்டோடு மாமனார். ஆகையால் அவருடைய பெருமைகளைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

மாப்பிள்ளை, வாளிக்குக் கைப்பிடி செய்கிற ஒரு கம்பெனியில் 'செயல்திறன் மேம்பாட்டுப் பிரிவின்' தலைமை மேலாளர். வாளியை வேறொரு கம்பெனி செய்கிறது. கைப்பிடியில் அப்படி என்ன செயல்திறனை மேம்படுத்துவீர்கள் என்று ஒருநாள் வெகுளியாகக் கேட்டுவிட்டேன்.

"மாமா, நாங்க கைப்பிடி விக்கல. பிடிமானம் விக்கிறோம்" என்றார்.

அன்று முதல் வாளியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு மரியாதையோடு தூக்குகிறேன்.

சில காலமாகக் கம்பெனி நஷ்டத்தில் போகிறது. நஷ்டத்தை நிறுத்துவதற்காகவே மாப்பிள்ளையை மேல்மாடியில், குளிர்சாதன அறையில், சுழலும் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள். அவரும் சும்மா சுழலவில்லை. "அடிமட்டத்துல கசியுது" என்று கண்டுபிடித்தார். முதலில் வாட்ச்மேனை 'விடுவித்தார்'. நஷ்டம் நிற்கவில்லை. கூட்டிப் பெருக்குகிறவர்களை விடுவித்தார். நிற்கவில்லை. கைப்பிடி அச்சு ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை விடுவித்தார். கைப்பிடி குறைந்ததே தவிர நஷ்டம் குறையவில்லை. இன்னொருவராக இருந்தால் மனம் தளர்ந்திருப்பார். மாப்பிள்ளை அடுத்ததாகப் பண்டகசாலைப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

அவர் கம்பெனியில் கொண்டுவந்த விதி ஒன்றைச் சொல்லாமல் மேலே போனால் பாவம். "பிரச்சினையை எடுத்துச் சொல்பவரே அதற்குப் பொறுப்பாளர்" என்பது விதி. ஒவ்வொரு மாடியிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த விதி வந்த நாள் முதல் கம்பெனியில் ஒரு பிரச்சினைகூட இல்லை. ஒருமுறை கிடங்கில் புகை வந்ததாம். எல்லோரும் அமைதியாக, வரிசையாக இறங்கி, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் வாயிலிருந்தும் 'தீ' என்ற சொல் வரவில்லை. அப்படி ஒரு கட்டுப்பாடு.

இப்போது காருக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக் கார், பிரேக் பிடித்தால் நறநறவென்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அதை ஓட்டுகிறவள் என் மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். வருகிற திங்கட்கிழமை காலையில் ஒரு வார்டுக்கே தலைமை நர்ஸாகப் பொறுப்பேற்க வேண்டியவள். எங்கள் தெருவோ மேலிருந்து கீழே ஒரே சரிவு. சரிவு முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடிக்கடை. ஆள் உயர நிலைக்கண்ணாடிகளை வாசலிலேயே சாய்த்து வைத்திருப்பார்கள். இந்தத் தெருவில் பிரேக் இல்லாத காரை வைத்திருப்பதும் அந்தக் கடையை மொத்தமாக விலைக்கு வாங்குவதும் ஒன்றுதான்.

"ஏங்க, ஒர்க்‌ஷாப்ல விட்டுடுங்க" என்றாள் மகள்.

"ஒர்க்‌ஷாப்பா? ஒரு பிரேக்க சரி பண்ணத் தெரியாதவன் ஒரு கம்பெனிய எப்படிச் சரி பண்ணுவான்னு நாலு பேர் கேக்கமாட்டாங்க?"

"அந்த நாலு பேரையும் நீங்கதான் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே."

மாப்பிள்ளை இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவர்களுக்கு அந்தத் திறமை பிறவியிலேயே வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் காரை நிறுத்தி, ஜாக்கி போட்டு, சக்கரங்களைக் கழற்றிவிட்டார். முன் சக்கரங்களில் பிரேக் கட்டையைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பகுதிக்குக் 'காலிப்பர்' என்று பெயராம். அது இரண்டும் தேய்ந்துபோனதால் புதிதாக இரண்டு வாங்கி வந்திருந்தார். வாசல் சுவரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஒரு வீடியோவை ஓடவிட்டார். அதில் தலைப்பாகை கட்டாத மந்திரவாதி போல ஒருவர் புன்னகை செய்துகொண்டே கையில் கிரீஸ் படாமல் எல்லாவற்றையும் செய்தார்.

அந்த நேரத்தில்தான் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமையிலும் சட்டைப்பையில் பேனா. கம்பெனியின் பண்டகசாலையைப் பார்த்துக்கொள்கிற ஸ்டோர்கீப்பர்.

"வணக்கம் சார். ஞாயித்துக்கெழம தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். திங்கக்கெழம எங்க செக்‌ஷன்ல யாரையோ விடுவிக்கப் போறதா பேசிக்கிறாங்க. செக்‌ஷன்ல நான் ஒருத்தன்தான் சார் இருக்கேன்."

கணக்குப் பார்த்தால் அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது.

"பசங்க ரெண்டும் படிச்சிட்டிருக்கு சார். இந்த வயசுல வேற எங்கயும் எடுக்கமாட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

மாப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மொதல்ல இந்த பிரேக் வேல முடியட்டும். இதுல உங்க பங்களிப்பு எப்படி இருக்குன்னு பாக்கறேன். அப்புறம் உங்க விஷயத்தப் பேசுவோம்."

ஸ்டோர்கீப்பர் வெள்ளைச் சட்டையைக் கைமுட்டிக்கு மேலே மடித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு மனிதருடைய பிழைப்பு எங்கள் வீட்டு பிரேக்கில் வந்து மாட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட நேர்முகத் தேர்வை உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் நடத்தியிருக்காது.

புது காலிப்பர்கள் இருந்த பெட்டிகளை ஸ்டோர்கீப்பர்தான் பிரித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை காருக்கு முன்னால், காரைப் பார்த்தபடி கம்பீரமாக நின்று, இடதுகைப் பக்கம் ஒன்றும் வலதுகைப் பக்கம் ஒன்றும் மாட்டினார். மாட்டும்போது ஸ்டோர்கீப்பரின் வாய் லேசாகத் திறந்து மூடியதை நான் கவனித்தேன். கொட்டாவி என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டி முடித்ததும்தான் உண்மையான படலம் தொடங்கியது. பிரேக் குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடுமாம். எண்ணெய்க்கு அழுத்தம் தெரியும். காற்றுக்குத் தெரியாது. நீங்கள் மிதித்தால் அது பாட்டுக்குச் சுருங்கிக் கொடுக்கும். பெடல் தலையணை மாதிரி உள்ளே போகும், கார் தன் பாட்டுக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிற 'நிப்பிள்' என்ற சின்னத் திருகைத் திறந்து, காற்றை எண்ணெயோடு சேர்த்து வெளியே விட வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் காலை எடுத்துவிட்டால், வெளியே போன காற்று விருந்தாளியோடு திரும்பி வரும்.

மிதிக்கிற வேலை எனக்கு. அதற்குப் பெயர் 'அழுத்த நிர்வாகி'. திறந்து மூடுகிற ஸ்டோர்கீப்பர் 'வெளியேற்ற அலுவலர்'. மாப்பிள்ளை இருவருக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் 'ஒருங்கிணைப்பாளர்'.

"மாமா, 'மிதி', 'விடு'ன்னு சொன்னா ஒழுங்கா இருக்காது. நான் 'செயல்படுத்து'ன்னா மிதிங்க. 'தக்கவை'ன்னா அப்படியே பிடிங்க. 'விடுவி'ன்னா கால எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் நீங்க 'உறுதி'ன்னு பதில் சொல்லணும்."

"எதுக்கு மாப்பிள்ள?"

"அப்பதான் தகவல் போய்ச் சேர்ந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"மிதிச்சா பெடல் போறது தெரியாதா?"

"மாமா, ப்ராசஸ்னு ஒண்ணு இருக்கு."

இருந்தது. முதல் சுற்றிலேயே அதன் பலன் தெரிந்தது. மாப்பிள்ளை "விடுவி" என்று எனக்குச் சொன்னார். அதை ஸ்டோர்கீப்பர் தனக்கு என்று எடுத்துக்கொண்டு முகம் வெளிறி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சார், இப்பவேவா சார்? திங்கக்கெழமன்னுதான சொன்னாங்க?"

"உங்கள இல்லய்யா, மாமாவ!"

"அவரையுமா சார்?"

அதன் பிறகு எனக்கான சொல் 'தளர்த்து' என்று மாற்றப்பட்டது. மாற்றத்தை அறிவிக்க ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. கூட்டத்தை நின்றபடிதான் நடத்த வேண்டும், அப்போதுதான் சுருக்கமாக முடியும் என்பது மாப்பிள்ளையின் நவீன முறை. எனக்கு மட்டும் வயதை முன்னிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி நிற்க அனுமதி கிடைத்தது.

பிரேக் எண்ணெய் டப்பா என்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்கிப் பக்கத்தில் இருக்கிற சக்கரத்தில் முடிக்க வேண்டும் என்று வீடியோக்காரர் புன்னகைத்தார். அப்படியே செய்தோம். பின்சக்கரங்களில் குமிழி குமிழியாக வந்து, பிறகு தெளிந்த எண்ணெய் வந்தது. முன்சக்கரங்களில் கொஞ்சம் குமிழி வந்தது, உடனே தெளிந்துவிட்டது. மாப்பிள்ளை கைதட்டினார். நான் மிதித்துப் பார்த்தேன். பெடல் ஒரு மறுப்பும் சொல்லாமல் தரைவரைக்கும் போனது.

"எப்படி இருக்கு மாமா?"

"உங்க ஆபீஸ் மாதிரி இருக்கு. எதுக்கும் எதிர்ப்பே இல்ல."

கூட்டம் கூடியது. 'மூல காரண ஆய்வு'. மாப்பிள்ளை கலர் கலராகச் சின்னத் தாள்களை எடுத்துவந்து காரின் கதவில் ஒட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தாளிலும் ஒரு காரணம். எண்ணெய் பழசு. குழாயில் கசிவு. நிப்பிள் மரை தளர்வு. நடுநாயகமாக, ரோஸ் நிறத் தாளில், 'அழுத்த நிர்வாகியின் ஈடுபாடு'.

"நான் என்னய்யா பண்ணேன்?"

"மாமா, தனிப்பட்ட முறையில எடுத்துக்காதீங்க. நீங்க தும்முனீங்க."

தும்மியது உண்மை. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். நான் தும்மலை அடக்கி, கண்ணில் நீர் வர மிதித்தேன். குழாய்கள் எல்லாவற்றையும் ஸ்டோர்கீப்பர் தரையில் படுத்துக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. வெள்ளைச் சட்டை இப்போது உலக வரைபடம் மாதிரி ஆகியிருந்தது. புது எண்ணெய் வாங்கி வந்து பழையதை முழுக்க மாற்றினோம். மாற்றும் உற்சாகத்தில் டப்பாவில் எண்ணெய் தீர்ந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஒருங்கிணைப்பாளர். அவர் அப்போது கதவில் புதிய தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். டப்பா காய்ந்து, கர்ரென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. எடுக்க வந்த காற்றைவிட அதிகமான காற்று இப்போது உள்ளே இருந்தது.

"டப்பா காலியாறத நீங்க பாத்தீங்களா?" என்று மாப்பிள்ளை ஸ்டோர்கீப்பரைக் கேட்டார்.

"பாத்தேன் சார்."

"ஏன் சொல்லல?"

ஸ்டோர்கீப்பர் ஸ்பேனரைச் சட்டையில் துடைத்தார். விதி என்றால் விதி. ஞாயிற்றுக்கிழமையானால் என்ன?

ஊற்றும்போது பானெட்டின் மேல் கொஞ்சம் எண்ணெய் சிந்தியது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்று வீடியோக்காரர் கடைசியில், விளம்பரத்துக்குப் பிறகுதான் சொன்னார். அதற்குள் பானெட்டில் ஒரு சொட்டை விழுந்துவிட்டது.

மகள் டீ கொண்டுவந்தாள். பானெட்டைப் பார்த்தாள். கதவில் ஒட்டியிருந்த தாள்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல எனக்கு கார் வேணும். மொத நாளே லேட்டா போனா அந்த வார்டுல என்ன ஒருத்திகூட மதிக்கமாட்டா. முடியலன்னா இப்பவே சொல்லுங்க, மெக்கானிக்கக் கூப்பிடலாம்."

"முடிஞ்சாச்சு. தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு."

"பிரேக்ல தொண்ணூறு சதவீதம்னா என்னங்க அர்த்தம்? பத்து தடவ மிதிச்சா ஒரு தடவ கண்ணாடிக்கடையா?"

அவள் உள்ளே போனதும் மாப்பிள்ளை குனிந்து என்னிடம், "மாமா, தொடர்ந்து நாலஞ்சு தடவ மிதிச்சுப் பாருங்க" என்றார்.

மிதித்தேன். என்ன ஆச்சரியம்! மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே ஏறி வந்தது. கல் மாதிரி நின்றது.

"பாத்தீங்களா! தொடர் முயற்சி!" என்று துள்ளினார் மாப்பிள்ளை.

காற்று உள்ளே இருந்தாலும் படபடவென்று மிதித்தால் பெடல் கொஞ்ச நேரம் கெட்டிப்படும், ஆற விட்டால் பழையபடி தொளதொளத்துவிடும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் மட்டும் முறுக்கேறி நிற்கிற கணக்குகளைப் பார்த்துப் பழகியவர் மாப்பிள்ளை. அவர் இதை வெற்றி என்று நினைத்ததில் தவறில்லை.

சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கினோம். சோதனை ஓட்டம். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில். பக்கத்தில் நான். "சார், நான் வேணா வீட்டுலயே..." என்று தயங்கிய ஸ்டோர்கீப்பரைப் பின்சீட்டில் ஏற்றினார்.

"குழு மனப்பான்மை வேணும்ல?"

கார் தெருவில் இறங்கியது. முதலில் எல்லாம் சுகமாக இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. சரிவு கூடக் கூட வேகம் கூடியது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். அவர் முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே காணாமல் போய்ப் போய் வந்தது. முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

"மாப்பிள்ள, நிக்கலியே?"

"வேகம் குறையற வேகம் கொஞ்சம் குறைவா இருக்கு. அவ்வளவுதான்."

அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு பணிவான குரல்.

"சார், எதிர்ல ஒரு கார் வருது சார்."

மாப்பிள்ளை ஹார்ன் அடித்தார். எதிரே வந்த கார் விலகவில்லை. மறுபடி அடித்தார்.

"ராங் சைடுல வர்றான் பாருங்க மாமா. அறிவுகெட்டவன்!"

"சார், ஓட்டறவர் அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்கார் சார்" என்றார் ஸ்டோர்கீப்பர். "பின்னாடி பாவம், யாரோ அழுக்குச் சட்டையோட உக்காந்திருக்கார்."

நான் அந்த எதிர்க் காரில் முன்சீட்டில் இருந்த கிழவனைப் பார்த்தேன். அவன் வாயைப் பிளந்தபடி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தான். நானும் இழுத்தேன். இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்றன.

கண்ணாடிக்கடைக்காரர் வெளியே வந்து, எங்களையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணாடி வேணுமா சார்?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் மாப்பிள்ளை.

இயற்கை கருணையுள்ளது. மேட்டில் ஏறுவதற்குப் பிரேக் தேவையில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மகள் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அது நல்ல அறிகுறி இல்லை என்பது அவளைப் பெற்றவனுக்குத் தெரியும். நேராக முன்சக்கரத்துக்குப் போய், முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தினாள். இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள்.

"காத்து எது வழியா வெளிய வரணும்?"

"அந்த நிப்பிள் வழியா" என்றார் மாப்பிள்ளை.

"அது எங்க இருக்கு?"

"கீழ."

"காத்து எங்க இருக்கும்?"

மாப்பிள்ளை கைப்பேசியைப் பார்த்தார். வீடியோக்காரர் பேசிக்கொண்டிருந்தார். மகள் எட்டிக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊசி போடறப்ப நாங்க எப்படிப் பிடிப்போம்? ஊசிய மேல தூக்கிப் பிடிச்சு, தட்டி, காத்து மேல வந்து சேந்ததும் அழுத்தி வெளிய தள்ளுவோம். தலகீழாப் பிடிச்சா மருந்துதான் போகும், காத்து உள்ளயே நிக்கும். நீங்க காலைலேருந்து நல்ல எண்ணெயா வெளிய ஊத்திட்டிருக்கீங்க. காத்து மேல சொகமா உக்காந்திருக்கு."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். வாஸ்தவம். இரண்டு காலிப்பரிலும் நிப்பிள் தரையைப் பார்த்துத் தொங்கியது.

"கம்பெனிக்காரன் தப்பா செஞ்சிருக்கான்" என்றார் மாப்பிள்ளை உடனே.

"இல்ல சார்." ஸ்டோர்கீப்பர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பொட்டியில இடது, வலதுன்னு போட்டிருந்துச்சு சார். அது வண்டிக்குள்ள உக்காந்து பாக்கறப்ப இடது, வலது. நீங்க வண்டிக்கு எதிர்ல நின்னு மாட்டுனீங்க. இடதுது வலதுல போயிடுச்சு, வலதுது இடதுல போயிடுச்சு. மாத்தி மாட்டுனா நிப்பிள் தலகீழா வரும்போல சார்."

"காலைலயே தெரியுமா உங்களுக்கு?"

"பொட்டி மாறுனது காலைலயே தெரியும் சார். அதனாலதான் காத்து நிக்குதுன்னு இப்ப அம்மா சொல்லித்தான் தெரியும்."

"தெரிஞ்சு ஏன்யா சொல்லல?"

ஸ்டோர்கீப்பர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, மனப்பாடமாக ஒப்பிக்கிற குரலில் சொன்னார்:

"பிரச்சினையை எடுத்துச் சொல்பவரே அதற்குப் பொறுப்பாளர், சார்."

மகள்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரிக்க, நான் சிரிக்க, ஸ்டோர்கீப்பர் சிரிக்கலாமா என்று அனுமதிக்காக மாப்பிள்ளையைப் பார்க்க, கடைசியில் மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். பெருந்தன்மை என்றால் அது.

காலிப்பர்களை இடம் மாற்றி மாட்டினோம். நிப்பிள் மேலே வந்தது. இந்த முறை மகள் கேள்வி கேட்காமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "மிதிக்கிறேன்", "திறங்க", "மூடுங்க", "விடறேன்" என்று நான்கே சொல்லில் காரியத்தை நடத்தினாள். எனக்கு டப்பாவில் எண்ணெய் குறையாமல் பார்க்கிற வேலை. நிப்பிளைத் திறந்ததும் புஸ்ஸென்று ஒரு சீறல். எத்தனை நேரம் உள்ளே உட்கார்ந்து சொகுசு அனுபவித்த காற்று! நுரைநுரையாகக் கொப்பளித்துக்கொண்டு வெளியேறியது. பெடல் முதல் மிதியிலேயே பாறை மாதிரி நின்றது. ஆறவிட்டு மிதித்தாலும் நின்றது. ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் வேலை இல்லாமல் போய்விட்டது. அவர் கதவில் ஒட்டிய தாள்களை உரித்துக்கொண்டிருந்தார். ரோஸ் நிறத் தாளை உரித்தபோது கூடவே கொஞ்சம் பெயிண்டும் வந்தது.

புறப்படும்போது ஸ்டோர்கீப்பர் கேட்டார்:

"சார், நம்ம விஷயம்..."

மாப்பிள்ளை அவர் தோளில் கை வைத்தார். எண்ணெய் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வைத்தார்.

"இன்னிக்கு உங்கள முழுசாப் புரிஞ்சுக்கிட்டேன். நிம்மதியாப் போங்க."

அவர் கேட்டைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை காலை. மகள் சரிவில் இறங்கி, கண்ணாடிக்கடைக்கு முன்னால் அழகாக நிறுத்தி, அந்தக் கண்ணாடியிலேயே தொப்பியைச் சரிசெய்துகொண்டு வார்டுக்குப் போனாள். நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்ததாகப் போன் வந்தது.

சாயங்காலம், மாப்பிள்ளை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கேட்டருகே ஸ்டோர்கீப்பர் நின்றார். வேறு வெள்ளைச் சட்டை. கையில் எங்கள் வீட்டு ஸ்பேனர்.

"நேத்து பாக்கெட்லயே வந்துடுச்சு பெரியவரே. அடுத்தவங்க பொருள்."

"ஆபீஸ்ல குடுத்திருக்கலாமே?"

"இனிமே அங்க போகவேண்டியதில்ல. காலைலயே விடுவிச்சுட்டாங்க." கொஞ்சம் யோசித்து, "தப்பு தெரிஞ்சும் எடுத்துச் சொல்லலன்னு காரணம் போட்டிருக்காங்க" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "பிரேக் நல்லா பிடிக்குதா?" என்று மட்டும் கேட்டார். பிடிக்கிறது என்றேன். "உங்க பொண்ணு பத்திரமா போய் வந்தா சரி" என்று சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார்.

மாப்பிள்ளை வந்தார். கை கால் கழுவினார். ஸ்பேனரை அவர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"மாப்பிள்ள, ஒரு சந்தேகம். காத்து எப்பவும் மேலதான போய் உக்காரும்?"

"ஆமா மாமா. நேத்து பாத்தோமே."

"கீழ திறந்துவிட்டா?"

"நல்ல எண்ணெய்தான் போகும்."

"எத்தன தடவ திறந்தாலும்?"

"எத்தன தடவ திறந்தாலும்."

"அப்ப உங்க கம்பெனியிலயும் திருக வேண்டிய இடம்..."

மாப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை நிதானமாகப் பார்த்தார். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, அன்பாகச் சொன்னார்:

"மாமா, அங்க நான் எந்த மாடியில உக்காந்திருக்கேன்னு மறந்துட்டீங்களா?"

அன்றைக்குத்தான் அவருடைய மேதைமை எனக்கு முழுதாக விளங்கியது. பிரேக்குக்குள் மாட்டியிருந்த காற்றோடு அவரை ஒப்பிடுவது பெரிய அபாண்டம். பாவம், தான் காற்று என்பது அதற்குத் தெரியாது.